எபிசோட் 41: எட்டு டிக் – செகண்ட் ஹேண்ட் வாட்ச்சும் ‘ஒரிஜினல்’ சான்றிதழும்

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் போடறேன், கேளுங்க.

[கடிகார ஒலி, பத்து விநாடி]

இது என் கையில் ஒன்பது மாசம் இருந்த ஒரு வாட்ச். இந்த எபிசோட் முழுக்க இந்தச் சத்தத்தைப் பற்றித்தான். வாட்ச்ல ஆர்வம் இல்லாதவங்களும் கொஞ்சம் இருங்க. பழைய ஃபோனோ, கேமராவோ, ஷூவோ ஆன்லைன்ல வாங்கறவங்க எல்லாருக்கும் இதுல சம்பந்தம் இருக்கு.

இரண்டு வருஷம் முன்னாடி அப்ரைசல் போனஸ் வந்தது. வீட்ல எல்லாரும் ‘எஃப்டி போடு’ன்னாங்க. நான் போடலை. சின்ன வயசுல இருந்து ஆசைப்பட்ட ஒமேகா சீமாஸ்டர், நீல டயல், அலை அலையா கோடு போட்டது. புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. செகண்ட் ஹேண்ட்ல பார்த்தா ஒரு சைட்ல 1,38,000 ரூபாய்க்கு ஒண்ணு இருந்தது. விற்கிறவர் பெயருக்குப் பக்கத்துல பச்சை டிக், ‘வெரிஃபைடு’. கூடவே ஒரு ஆத்தென்டிகேஷன் சேவை கொடுத்த சான்றிதழ், பிடிஎஃப்ல. ‘இந்தக் கடிகாரம் அசல்’னு பெரிய எழுத்துல. கியூஆர் கோட் ஸ்கேன் பண்ணா அவங்க சைட்லயே அதே சான்றிதழ் திறக்குது. வேற என்ன வேணும்? வாங்கிட்டேன்.

வாட்ச் வந்தது, அழகா இருந்தது. ஒரே ஒரு குறை, நாளைக்கு நாற்பது செகண்ட் வேகமா ஓடுது. டயல்ல ‘க்ரோனோமீட்டர்’னு எழுதியிருக்கு. சுவிட்சர்லாந்தோட சிஓஎஸ்சி தரப்படி அப்படி எழுத நாளைக்கு சராசரி மைனஸ் 4-லிருந்து பிளஸ் 6 செகண்டுக்குள்ள இருக்கணும். சரி, பழைய வாட்ச், சர்வீஸ் பண்ணணும் போலன்னு விட்டுட்டேன்.

ரெக்கார்ட் பண்ணும்போது நேரம் பார்க்க வாட்ச்சைக் கழற்றி மைக் ஸ்டாண்டுக்குக் கீழே வைக்கறது என் வழக்கம். ஒருநாள் ராத்திரி எடிட் பண்றேன். நான் பேசாம இருக்கற இடத்துல வேவ்ஃபார்ம் நேர்கோடா இருக்கணும் இல்லையா? அங்க சின்னச் சின்ன முள் மாதிரி வரிசையா நிக்குது. ஃபேன் சத்தமா, கரண்ட் கோளாறான்னு பார்த்து ஜூம் பண்ணேன். வாட்ச் சத்தம்! ஒரு செகண்டுக்கு எத்தனைன்னு சும்மா எண்ணினேன். எட்டு. அடுத்த செகண்டும் எட்டு.

அதோட தூங்கப் போயிருக்கலாம். ஆனா நம்ம புத்தி அப்படி இல்லையே. என் மாடலோட ஸ்பெக்கைத் தேடினேன். இதுக்குள்ள இருக்கவேண்டியது ஒமேகா 2500 மெஷின். ஜார்ஜ் டேனியல்ஸ்னு ஒரு ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் கண்டுபிடிச்ச கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மென்ட்டை ஒமேகா 1999-ல சந்தைக்குக் கொண்டு வந்தது இந்த மெஷின்லதான். முதல்ல மணிக்கு 28,800 துடிப்புல ஓட விட்டாங்க, பிறகு 25,200-க்குக் குறைச்சாங்க. என்னோட மாடல் அந்தக் குறைப்புக்கு அப்புறம் வந்தது. 25,200-ஐ 3,600-ஆல வகுங்க. ஏழு. செகண்டுக்கு ஏழு டிக். என் வாட்ச் எட்டு அடிக்குது.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மெக்கானிக்கல் வாட்ச் வேகமா ஓடலாம், மெதுவா ஓடலாம், ஆனா ஏழு எட்டா மாறாது. வேகம் தவறுறதுன்னா ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லாத வித்தியாசம். நாற்பது செகண்ட்ங்கறது ஒரு நாளோட 86,400 செகண்டுல எவ்வளவு? ஒண்ணுமே இல்லை. ஏழுக்குப் பதில் எட்டு அடிச்சும் முள் ஏறக்குறைய சரியா நகருதுன்னா, உள்ள இருக்கற பல் சக்கரங்களோட கணக்கே எட்டுக்குப் போட்டது. அதாவது, உள்ள வேற மெஷின்.

அடுத்த சனிக்கிழமை சௌகார்பேட்டை பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். ஒரு டேபிள், ஒரு விளக்கு, எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர். நான் எட்டு டிக் கதையெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள கண்ணுல லென்ஸை மாட்டிட்டு பின் மூடியைத் திறந்துட்டார். இந்த மாடல்ல பின் மூடி கண்ணாடி கிடையாது, கடல் குதிரை பொறிச்ச இரும்புத் தகடு. திறக்காம உள்ள பார்க்கவே முடியாது. பார்த்தார். லென்ஸைக் கழற்றினார்.

“தம்பி, சட்டை ஒரிஜினல். உள்ள ஆள் வேற.”

கேஸ் ஒமேகா, டயல் ஒமேகா, முள்ளுங்க, பிரேஸ்லெட் எல்லாம் ஒமேகா. மெஷின் மட்டும் பெயரே இல்லாத ஏதோ ஒண்ணு. அசல் மெஷினை யாரோ எடுத்து வித்திருக்கணும், இல்லைன்னா கெட்டுப்போய் மாத்தியிருக்கணும். இந்த மாதிரிக்கு உலகம் முழுக்க ஒரு பேர் உண்டு, ஃபிராங்கன்வாட்ச். பல வாட்ச்சோட உறுப்புகளைச் சேர்த்துத் தைச்ச உடம்பு. “எவ்வளவு குடுத்தீங்க?”ன்னு கேட்டார். நான் பாதியாக் குறைச்சுச் சொன்னேன். அதுக்கே உச்சுக் கொட்டினார்.

இப்ப அந்தச் சான்றிதழுக்கு வருவோம். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அன்னைக்கு ராத்திரி அந்த பிடிஎஃப்பைக் கடைசி வரைக்கும் படிச்சேன். வாங்கும்போது படிச்சிருக்கணும், படிக்கலை. கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கு: ‘வழங்கப்பட்ட படங்களின் அடிப்படையில்’. விற்கிறவர் டயல், கேஸ், பிரேஸ்லெட்னு படம் எடுத்து அனுப்பியிருக்கார். அவங்க அதைப் பார்த்து ‘அசல்’னு சொல்லியிருக்காங்க. யோசிச்சா, அவங்க பார்த்தது எல்லாமே அசல்தான்! பார்க்காத ஒண்ணு பொய். படத்துக்குக் காது கிடையாதே.

பச்சை டிக்கும் அப்படித்தான். ‘வெரிஃபைடு’ன்னா அந்த ஆளோட ஃபோன் நம்பர், பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட் சரிபார்த்தாச்சுன்னு அர்த்தம். ஆளைச் சரிபார்த்ததை நான் பொருளைச் சரிபார்த்ததா எடுத்துக்கிட்டேன். ஆஃபீஸ்ல லாகின் சிஸ்டம் எழுதற ஆள் நான். யூசர்நேம் வேற, பாஸ்வேர்ட் வேறன்னு ஜூனியர்ஸுக்குக் கிளாஸ் எடுக்கறவன். சீரியல் நம்பரைக் கூட பாஸ்வேர்ட் மாதிரி நம்பினேன். அது யூசர்நேம். யாரோ ஒருத்தர் லிஸ்டிங் படத்துல தெரிஞ்சா போதும், அதே நம்பரை நூறு போலி வாட்ச்ல பொறிக்கலாம். அனுபவசாலிங்க விற்கும்போது அந்த நம்பரை விரலால மறைச்சுப் படம் எடுக்கறது அதனாலதான்.

சரி, ஒழுங்கா எப்படிச் செய்றாங்க? எனக்குப் பிடிச்ச டிசைன் இபேயோடது. 2020 செப்டம்பர்ல அமெரிக்காவுல 2,000 டாலருக்கு மேல இருக்கற வாட்ச்சுக்கு ஆரம்பிச்சாங்க. விற்கிறவர் பொருளை வாங்குறவருக்கு அனுப்பறதே இல்லை, நேரா ஆய்வு பண்ற இடத்துக்குப் போகும். கையில் எடுத்துப் பார்க்கறாங்க, லிஸ்டிங்ல எழுதினதோட ஒப்பிட்டுப் பார்க்கறாங்க, தேறினா அங்கிருந்து வாங்குறவருக்கு. கையெழுத்து போட்டு வாங்கணும். தேறலைன்னா பணம் திரும்ப வந்துடும்.

இதுல எனக்கு முக்கியமாப் பட்டது ரிட்டர்ன். வாங்குறவர் ‘பிடிக்கலை’ன்னு திருப்பி அனுப்பினாலும் முதல்ல ஆய்வு இடத்துக்குத்தான் போகும். ஏன்? அசலை எடுத்துக்கிட்டுப் போலியைத் திருப்பி அனுப்பற வாங்குறவங்களும் உண்டு! சாஃப்ட்வேர்ல ஒரு பழைய ஓட்டை இருக்கு: செக் பண்ற நேரத்துக்கும் பயன்படுத்தற நேரத்துக்கும் நடுவுல யாராவது கை வைக்கறது. அந்த இடைவெளியை விற்கிறவர் கையிலயும் விடாம, வாங்குறவர் கையிலயும் விடாம மூடிட்டாங்க. என் கேஸ்ல செக் பண்ணதுக்கும் நான் வாங்கினதுக்கும் நடுவுல ஏழு மாசம். அதுக்குள்ள மெஷினை மாத்தினாங்களா, முன்னாடியே மாத்தியிருந்ததா, யாருக்குத் தெரியும்?

ஜெர்மனியோட க்ரோனோ24 பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அவங்களோட அடிப்படைப் பாதுகாப்பு எஸ்க்ரோ. நீங்க குடுத்த பணம் அவங்ககிட்ட நிக்கும், பொருள் உங்க கைக்கு வந்த பிறகுதான் விற்கிறவருக்குப் போகும். நல்ல விஷயம், ஆனா இதைச் சான்றிதழ்னு நினைச்சுக்காதீங்க. உங்களுக்குக் கிடைக்கறது கால அவகாசம். அந்த நாட்களுக்குள்ள நீங்கதான் ஒரு மெக்கானிக்கிட்டப் போகணும். பெட்டியைத் திறந்து இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டு உட்கார்ந்திருந்தா அவகாசம் முடிஞ்சிடும்.

ரோலெக்ஸ் 2022 டிசம்பர்ல வேற வழி எடுத்தாங்க. பழைய ரோலெக்ஸைத் தாங்களே சரிபார்த்து, இரண்டு வருஷ கேரண்டியோட, அவங்களோட அதிகாரப்பூர்வக் கடைகள் மூலமா விற்கறது. செஞ்சவனே ‘இது என்னோடது’ன்னு சொல்றதை விட வலுவான சான்று இருக்க முடியாதுன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, ஒமேகாவோட 2021 கதையைப் படிக்கற வரைக்கும்.

2021 நவம்பர், ஜெனிவா, ஃபிலிப்ஸ் ஏலம். 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், முதல் வகை, சிகே 2915-1. வெயில் பட்டு டயல் காபிக் கலர்ல மாறிப்போனது. 80,000-லிருந்து 1,20,000 சுவிஸ் ஃப்ராங்க் வரைக்கும் போகும்னு மதிப்பிட்டாங்க. போனது 31,15,500 ஃப்ராங்க். வாங்கினது யாரு? ஒமேகாவே, தன்னோட மியூசியத்துக்காக. 2023-ல அது ஃபிராங்கன்வாட்ச்னு வெளியில வந்தது. தங்களோட முன்னாள் ஊழியர்கள் மூணு பேர் இதுல கூட்டுச் சேர்ந்ததா ஒமேகாவே சொன்னது. ஃபிலிப்ஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? ‘மெஷின் நம்பர், மாடல், தேதி எல்லாத்தையும் ஒமேகாகிட்டக் கேட்டு உறுதி பண்ணினோம்.’ அதாவது, சான்று குடுத்த நிறுவனமே ஏமாந்து, அந்தச் சான்றை நம்பி 31 லட்சம் ஃப்ராங்க் குடுத்துத் தானே வாங்கியிருக்கு. நான் 1,38,000-க்கு ஏமாந்ததுல கொஞ்சம் ஆறுதல் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

நம்ம பக்கத்துக் கதையும் ஒண்ணு உண்டு. ஹெச்எம்டி வாட்ச் வெளிநாட்டு சேகரிப்பாளர்கள்கிட்டப் போக ஆரம்பிச்ச பிறகு, பழைய ஜனதா, பைலட் டயலையெல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சு, கம்பெனி போடாத கலர்ல எல்லாம் ஆன்லைன்ல விற்கறாங்க. ‘மும்பை ஸ்பெஷல்’னே அதுக்கு உலக அளவுல பேர் ஆயிடுச்சு. ஆனா ஆயிரத்து சொச்சம் ரூபாய் வாட்ச்சை ஆய்வு பண்ண யார் செலவு பண்ணுவாங்க? ஆய்வுச் செலவு பொருளோட விலையைத் தாண்டும். அதனால இந்தச் சேவைகள் எல்லாமே விலை கூடின வாட்ச் பக்கம்தான் நிக்குது.

இன்னொரு விஷயம். அசலா இருந்தா மட்டும் போதாது, திருட்டுப் பொருளான்னும் பார்க்கணும். லண்டன்ல வாட்ச் ரெஜிஸ்டர்னு ஒரு தரவுத்தளம் இருக்கு. கார்டியே மாதிரி பிராண்டுகளை வெச்சிருக்கற ரிஷ்மோன் குழுமம் 2023-ல என்குவைரஸ்னு ஒண்ணை இலவசமாவே திறந்தாங்க, எந்த பிராண்டா இருந்தாலும் சீரியல் நம்பர் போட்டுப் பார்க்கலாம்.

சரி, என் வாட்ச்.

வித்தவருக்கு ஃபோன் பண்ணேன். “ப்ரோ, நான் வாங்கினப்பவும் இப்படித்தான் வாங்கினேன், திறந்தே பார்த்ததில்ல”ன்னார். குரலைக் கேட்டா பொய்யாத் தெரியலை. சைட்ல ரிட்டர்ன் கெடு 48 மணி நேரம், நான் போனது ஒன்பதாவது மாசம். சான்றிதழ் குடுத்தவங்க அந்தக் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தைக் காட்டினாங்க. எல்லாரும் அவங்கவங்க பார்த்ததுக்கு மட்டும் பொறுப்பு.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன், இந்த வியாபாரம் தெரிஞ்சவன், சாதாரணமாச் சொன்னான்: “மச்சி, அதே சைட்ல அதே மாதிரி போட்டுடு, போயிடும். நீயும் திறந்து பார்க்கலைன்னு சொல்லிக்கோ.” இரண்டு நாள் யோசிச்சேன். யோசிக்கவே இல்லைன்னு சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. இஎம்ஐ ஓடிட்டிருந்தது. லிஸ்டிங் டிராஃப்ட் கூட எழுதினேன். அப்புறம் அழிச்சுட்டு உண்மையை எழுதினேன்: கேஸ், டயல், பிரேஸ்லெட் அசல், மெஷின் அசல் இல்லை, உள் படம் இணைச்சிருக்கு. விலை 55,000. ஒருத்தர் வந்தார், கையில் வாங்கிப் பார்த்தார், “பார்ட்ஸுக்குத்தான் சார்”னார், 52,000-க்கு எடுத்துட்டுப் போனார். 86,000 நஷ்டம். ஆனா நிம்மதியா இருந்தது.

மூணு வாரம். அதே ஃப்ரெண்ட் ஒரு லிங்க் அனுப்பினான். நீல சீமாஸ்டர், 1,45,000, ‘100% ஒரிஜினல், சான்றிதழ் உண்டு’. 4 மணிப் பக்கம், பிரேஸ்லெட் கேஸோட சேர்ற இடத்துல ஒரு கீறல். நான் பைக் கண்ணாடியில இடிச்ச கீறல். என் வாட்ச்.

சான்றிதழ் எங்கிருந்து வந்ததுன்னு கேட்கறீங்களா? நான்தான் குடுத்தேன். வாட்ச்சைப் பெட்டியோட குடுத்தப்ப, பெட்டி மூடிக்குள்ள மடிச்சு வெச்சிருந்த அந்த பிரிண்ட் அவுட்டை நான் எடுக்கவே இல்லை. பொய்னு எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு காகிதத்தை நானே இன்னொருத்தர் கையில் குடுத்து அனுப்பியிருக்கேன். நான் லிஸ்டிங்ல எழுதின உண்மை அந்தப் பக்கத்தோடயே போயிடுச்சு, அந்தக் காகிதம் வாட்ச்சோட போயிருக்கு.

உடனே அந்த ஆத்தென்டிகேஷன் சேவைக்கு மெயில் போட்டேன். உள் படம், மெக்கானிக் எழுதிக் குடுத்த சீட்டு, இந்த ஆடியோ எல்லாம் இணைச்சு, ‘சான்றிதழை ரத்து பண்ணுங்க’ன்னு. பதில் வந்தது: விண்ணப்பிச்ச வாடிக்கையாளர் கேட்டால்தான் மாற்ற முடியும். விண்ணப்பிச்சது எனக்கு முன்னாடி வித்தவர், அவர் இப்ப என் ஃபோனை எடுக்கறதில்லை. வெப்சைட்டோட எஸ்எஸ்எல் சான்றிதழ்ல தப்பு நடந்தா அதைச் செல்லாததாக்க ஒரு முறை இருக்கு, காலாவதித் தேதியும் இருக்கு. இந்த பிடிஎஃப்ல ரெண்டும் இல்லை. கியூஆர் கோட் இன்னைக்கும் வேலை செய்யுது. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன், பச்சை நிறத்துல ‘அசல்’.

லிஸ்டிங்கை சைட்ல ரிப்போர்ட் பண்ணேன். நாலாவது நாள் லிஸ்டிங் காணோம். அவங்க எடுத்தாங்களா, வித்துப் போச்சான்னு கேட்டதுக்கு ‘தனிநபர் தகவல்’னு பதில்.

கேட்கறவங்க நிறைய பேர் மெசேஜ்ல கேட்டது, ‘அப்ப நாங்க என்னதான் பண்றது?’ன்னு. நான் இப்ப பண்றது இதுதான். சான்றிதழ் காட்டினா, வாட்ச்சைக் கையில் வாங்கித் திறந்து பார்த்துக் குடுத்ததா, படத்தைப் பார்த்தான்னு கேட்கறேன். என்னைக்குக் குடுத்ததுன்னு கேட்கறேன். விற்கிறவரை ஒரு மெக்கானிக் கடைக்கு வரச் சொல்றேன், திறக்கற காசு நான் குடுக்கறேன். வரமாட்டேன்னா வாங்கறதில்லை. டைவ் வாட்ச்சைத் திறந்தா ரப்பர் வளையம் மாத்தி, தண்ணி புகுதான்னு பிரஷர் டெஸ்ட் பண்ணணும், அந்தச் செலவையும் முதல்லயே பேசிக்கறேன். திறக்க முடியலைன்னா மைக். டைம்கிராஃபர்னு இதுக்குன்னே மெஷின் இருக்கு, ஃபோன் ஆப்பும் இருக்கு. ஆனா நல்ல போலிகள்ல துடிப்பைக் கூட அசல் மாதிரியே அமைக்கறாங்க, அதனால டிக் சரியா இருந்தா அசல்னு முடிவு பண்ணிடாதீங்க. தப்பா இருந்தா மட்டும் போலின்னு முடிவு பண்ணலாம்.

கடைசியா ஒண்ணு. கடந்த சில மாசத்துல நீல டயல் சீமாஸ்டர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா, 4 மணிப் பக்கம் கீறல் இருக்கான்னு பாருங்க. இருந்தா, ராத்திரி ஃபேனை ஆஃப் பண்ணிட்டு ஃபோன் மைக் மேல வாட்ச்சை வெச்சு ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க. எட்டு வந்தா, உள் படங்களும் மெக்கானிக் சீட்டும் நான் யாருக்கு வித்தேன்ங்கற விவரமும் என்கிட்ட இருக்கு, எல்லாத்தையும் தர்றேன். வித்தவர்கிட்டப் போகும்போது கூட வரணும்னாலும் வர்றேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியா அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடறேன். எண்ணிக்கோங்க.

[கடிகார ஒலி, ஒரு நிமிடம்]